முதல் கட்டளை யாருக்கு?

பழைய ஏற்பாட்டை நான் முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்ததற்குக் காரணம் ஆச்சியின் கண்புரை. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. விளக்கு வைத்ததும் வேதப்புத்தகத்தை என் மடியில் வைத்து, "விட்ட எடத்துல இருந்து வாசிலே" என்பாள். பிடித்த சங்கீதம், பிடித்த சுவிசேஷம் என்று பொறுக்கி வாசிக்கச் சொல்லும் பழக்கம் அவளிடம் கிடையாது. ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகத்தான் போக வேண்டும். லேவியராகமத்தின் குஷ்டரோகச் சட்டங்களும் எண்ணாகமத்தின் பேர்ப் பட்டியல்களும்கூடத் தப்பவில்லை.

பத்துக் கட்டளைகளை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தவர் உபதேசியார். ஞாயிறு பள்ளியில் வரிசையாக நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வார். முதல் கட்டளையைச் சொல்லும்போது அவர் கை தானாகக் கிழக்கே நீளும். கிழக்கே வாய்க்காலைத் தாண்டினால் முத்தாரம்மன் கோயில் தெரு. எனவே, கர்த்தரைத் தவிர வேறு தெய்வங்கள் கூடாது என்ற கட்டளை அந்தத் தெருக்காரர்களைப் பற்றியது என்றுதான் எங்களுக்குப் பதிந்திருந்தது. அவர்கள் அதை மீறுகிறவர்கள், நாங்கள் காப்பவர்கள். அதற்கு மேல் அந்தக் கட்டளைக்கு வேலை இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

ஆச்சிக்கு வாசிக்க ஆரம்பித்து இராஜாக்களின் புத்தகங்களுக்கு வந்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. எருசலேமில் ஆலயத்தைக் கட்டிய சாலொமோனே தன் மனைவிமாருக்காக மோவாபின் காமோசுக்கும் சீதோனின் அஸ்தரோத்துக்கும் மேடை கட்டிக் கொடுக்கிறான். அதுவும் எங்கோ தொலைவில் அல்ல, எருசலேமுக்கு எதிரே இருந்த மலையில். வடக்கே இஸ்ரவேலின் ராஜா ஆகாப் பாகால் என்ற தெய்வத்துக்குக் கோயில் எழுப்புகிறான். தெற்கே யூதாவின் ராஜா மனாசே 55 வருஷம் ஆண்டு, கர்த்தருடைய ஆலயத்தின் பிராகாரங்களிலேயே வானத்து நட்சத்திரங்களுக்குப் பலிபீடம் வைக்கிறான். அவனுக்கு முன் ஆண்ட எசேக்கியா மேடைகளை அகற்றியபோது உடைத்துப் போட்ட பொருள்களில் ஒன்று மோசே செய்த வெண்கலச் சர்ப்பம். அதற்கு ஜனங்கள் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

யோசியா ராஜாவின் அதிகாரம் வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கி.மு. 622 வாக்கில் ஆலயத்தைப் பழுது பார்க்கும்போது பிரதான ஆசாரியன் இல்க்கியாவின் கையில் ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைக்கிறது. அதை வாசிக்கக் கேட்ட ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் ஆளனுப்பி விசாரிக்கிறான். பிறகு ஆலயத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன: பாகாலுக்குச் செய்த பாத்திரங்கள், அஷேரா தேவியின் உருவம், வாசலில் சூரியனுக்கென்று நிறுத்தியிருந்த குதிரைகள். ஆலயத்தை ஒட்டிய அறைகளில் பெண்கள் உட்கார்ந்து அஷேராவுக்குத் துணி நெய்துகொண்டிருந்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறது. பாத்திரங்களையும் உருவத்தையும் கீதரோன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்ச் சுட்டெரிக்கிறார்கள்.

ஆச்சி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏலே, இம்புட்டு நேரமா வாசிக்கியே, இதுல சாமிக்குத் துரோகம் பண்ணுனவன்ல ஒருத்தனாவது வெளியாளா?"

புரட்டிப் பார்த்தேன். சாலொமோனின் மனைவிமார் அந்நிய தேசத்தார். ஆகாபின் மனைவி யேசபேல் சீதோன்காரி. அவர்களை விட்டால் பட்டியல் முழுக்க உள்ளூர்க்காரர்கள். அதிலும் ராஜாக்கள், ஆசாரியர்கள், தாவீதின் வம்சம்.

"அப்ப உபதேசியாரு கை ஏன் அந்தப் பக்கமே போவுது?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்விதான் பழைய ஏற்பாடு என்று நாங்கள் சொல்லும் எபிரெய வேதத்தை இன்றுவரை எனக்கு வாசித்துக் காட்டுகிறது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சபையார் சிலரோடு இஸ்ரேலுக்குப் பயணம் போனபோதும் அதை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

எல்லாக் குழுக்களையும் போல எங்களையும் கர்மேல் மலையின் முக்ராகாவுக்கு அழைத்துப் போனார்கள். கார்மேல் சபைத் துறவிகளின் மடம் அங்கே இருக்கிறது. முற்றத்தில் எலியா தீர்க்கதரிசியின் சிலை. ஓங்கிய வாள், காலடியில் பாகாலின் தீர்க்கதரிசி ஒருவன். மொட்டை மாடியில் ஏறினால் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கிறது. கீழே கீசோன் ஆற்றின் தடம் தெரிகிறது. எங்களோடு வந்த போதகர், எலியாவின் கதை அந்த மலையில் நடக்கும் அதிகாரத்தை உரக்க வாசித்தார். ஒரு பக்கம் பாகாலின் 450 தீர்க்கதரிசிகள், மறுபக்கம் எலியா ஒருவர். அவர் பன்னிரண்டு கல்லில் பலிபீடம் கட்டி, பலியின் மேல் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, கொட்டிய தண்ணீர் வாய்க்காலில் நிரம்பி நிற்க, வானத்திலிருந்து அக்கினி இறங்கி எல்லாவற்றையும் நக்கிவிடுகிறது. எங்கள் குழுவில் பலமான ஆமென். ஊரில் தங்கள் பக்கத்தில் இருக்கும் கோயில்களை நினைத்துக்கொண்டு சொன்ன ஆமென் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்த மலையில் எலியாவின் முன்னால் நின்ற கூட்டம் யார்? இஸ்ரவேலர். இரண்டு பக்கமும் கால் வைத்து எத்தனை நாள் நொண்டுவீர்கள் என்று அவர் கேட்டது அவர்களை. அந்த மக்கள் வாய் திறக்கவில்லை என்று புத்தகம் குறித்துவைக்கிறது. எலியா முதலில் செய்த வேலையும் கவனிக்க வேண்டியது: இடிந்து கிடந்த கர்த்தருடைய பலிபீடத்தை எடுத்துக் கட்டுகிறார். பாகாலை விழவைக்கும் முன்னால் தன் வீட்டில் விழுந்து கிடந்ததை நிமிர்த்துகிறார்.

அதன் பிறகு நடந்த கொலையை அந்தப் புத்தகம் மறைக்கவில்லை; நானும் மறைக்க மாட்டேன். பாகாலின் தீர்க்கதரிசிகளைக் கீசோன் ஆற்றங்கரையில் வெட்டிப் போடுகிறார்கள். சிலையின் கையிலிருக்கும் வாள் அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலான பயணக் குழுக்கள் வாசிப்பை அங்கேயே நிறுத்திவிடும். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா யேசபேலின் மிரட்டலுக்கு ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, செத்தால் போதும் என்கிறார். நான் ஒருவன்தான் மீதி என்று கடவுளிடமே புலம்புகிறார். காற்றிலும் நிலநடுக்கத்திலும் அக்கினியிலும் இல்லாத கர்த்தர் ஒரு மெல்லிய சத்தத்தில் பேசி, பாகாலுக்கு முழங்கால் முடக்காதவர்கள் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று திருத்துகிறார். மெய்யான பக்தன் தான் ஒருவனே என்று நினைப்பவனுக்கு அந்த வேதம் தரும் மறுமொழி அது.

குழு ஊர் திரும்பிய பின் நான் சில நாள் தங்கினேன். அக்கா மகன் பெயெர்செபாவில் ஆராய்ச்சி வேலையில் இருந்தான். அவன் குடியிருந்த அடுக்குமாடி வீட்டு நிலையின் வலப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு பெட்டி சற்றே சாய்வாக அறையப்பட்டிருந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு பலமுறை அதன் மேலும் ஏறி, ஓரங்கள் மழுங்கியிருந்தன. மேலே இருந்த ஒற்றை எபிரெய எழுத்து மட்டும் இன்னும் தெரிந்தது. "மெசூசா மாமா. வீட்டுக்காரர் மாட்டினது. நான் தொடுறதும் இல்ல, கழட்டவும் இல்ல" என்றான். எதிர்வீட்டுப் பெரியவர் தன் நிலையில் இருந்ததை வரும்போதும் போகும்போதும் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார். கையில் காய்கறிப் பை இருந்தால் பையை மற்ற கைக்கு மாற்றிவிட்டுத் தொடுவார்.

அந்தப் பெட்டிக்குள் தோலில் கையால் எழுதிச் சுருட்டிய வாசகம் இருக்கும். உபாகமத்தின் ஆறாம் அதிகாரமும் பதினொன்றாம் அதிகாரமும் அதன் மூலம். கர்த்தர் ஒருவரே, அவரிடம் முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் அன்புகூர வேண்டும் என்ற அந்தப் பகுதியை யூதர்கள் ஷெமா என்கிறார்கள். காலையிலும் மாலையிலும் சொல்கிறார்கள். சொல்லும்போது வலக்கையால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரம் இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு, உன் வீட்டு நிலைகளில் எழுது என்கிறது. எழுத வேண்டிய இடம் சொந்த வீட்டு நிலை. அடுத்தவன் வாசலில் போய் எழுதச் சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவன் என்னை ஆராத் மேட்டுக்குக் கூட்டிப் போனான். பெயெர்செபாவுக்குக் கிழக்கே நெகேவ் வறள்நிலத்தில் ஒரு குன்று. மேலே யூதா ராஜாக்கள் காலத்துக் கோட்டை. 1960களில் யோகனான் அகரோனி அதைத் தோண்டியபோது கோட்டைக்குள் யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. கர்த்தருக்கென்று ஒரு கோயில். எருசலேமில் அல்ல, எல்லைக் கோட்டையில்.

முற்றத்தில் நின்றேன். வெட்டாத கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய பலிபீடம். உளி படாத கல்லில்தான் பலிபீடம் கட்ட வேண்டும் என்ற விதி யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகள் வரும் அதே இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. கட்டியவர்கள் விதி அறிந்தவர்கள். முற்றத்தைத் தாண்டி அகலமான ஓர் அறை. அதன் பின்சுவரில் உள்வாங்கிய ஒரு மாடம், ஏறப் படிகள். படியின் இரு பக்கமும் இரண்டு தூபபீடங்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உள்ளே நெட்டுக்குத்தாக நிறுத்திய கல். அங்கே இருப்பவை நகல்கள். அசல்கள் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் வெயிலும் காற்றும், குன்றைச் சுற்றி ஒரு மரமில்லாத வெளியும் அசல்தான்.

தோண்டியவர்கள் கண்டபோது அந்தத் தூபபீடங்கள் உடைக்கப்படாமல் பக்கவாட்டில் கிடத்தி மண்மூடி இருந்தன. எசேக்கியாவின் சீர்திருத்தக் காலத்தில், எருசலேமில் மட்டுமே வழிபாடு என்ற கட்டளை வந்தபோது கோயிலை மூடிவிட்டார்கள் என்று பலர் கருதுகிறார்கள். அசீரியப் படைக்குப் பயந்து மறைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும் கிடத்தியவர்கள் பயபக்தியோடு கிடத்தியிருக்கிறார்கள். தூபபீடங்களின் மேல் கருகிப் படிந்திருந்ததைச் சோதித்து 2020இல் ஆய்வாளர்கள் முடிவு வெளியிட்டார்கள்: ஒன்றில் குந்துருக்கம், இன்னொன்றில் கஞ்சா. செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா மகன் எனக்கு அனுப்பினான், ஒரு சிரிப்புப் படத்தோடு.

எருசலேமுக்குப் போய் அருங்காட்சியகத்தில் அந்த அசல்களைப் பார்த்தேன். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியது வேறு ஒரு கண்ணாடிப் பேழை. கைக்கு அடக்கமான களிமண் பெண் உருவங்கள் வரிசையாக நின்றன. இடுப்புக்குக் கீழே கால் இல்லை, அடியில் விரிந்த ஒரு தூண்தான் உடம்பு. இரு கைகளும் மார்பைத் தாங்கியிருக்கின்றன. சிலவற்றுக்கு அச்சில் வார்த்த முகமும் சுருள்முடியும். சிலவற்றுக்குக் குயவர் ஈரமண்ணை இரு விரலால் கிள்ளிய மூக்குதான் முகம். விரல் அமுங்கிய பள்ளத்தில் கண் இருக்க வேண்டும். கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டு யூதாவின் வீடுகளில், எருசலேமிலேயே இவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஏசாயாவும் எரேமியாவும் தெருவில் நின்று பேசிய அதே காலம், அதே ஊர்.

இவை அஷேரா தேவியா, பிள்ளைப்பேறுக்கும் பாலுக்கும் வேண்டிக்கொண்டு வீட்டில் வைத்தவையா என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வயதான யூதப் பெண்மணியிடம் இவை யாருடையவை என்று கேட்டேன். கானானியருடையவை என்று சொல்வார் என நினைத்தேன். "எங்கள் பாட்டிமாருடையவை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

வடகிழக்கு சினாயில் குந்திலத் அஜ்ருத் என்ற பாழிடத்தை 1975-76இல் செயேவ் மெஷெல் தோண்டினார். கி.மு. 800ஐ ஒட்டிய பெரிய சாடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் மேல் சமாரியாவின் யாவேயின், அதாவது கர்த்தரின், பெயராலும் அவருடைய அஷேராவின் பெயராலும் ஆசி எழுதியிருந்தது. எப்ரோனுக்கு அருகே கிர்பெத் எல்-கோம் கல்லறையில் 1967இல் வெளிப்பட்ட எழுத்திலும் யாவேயோடு அஷேரா. எழுதியவர்கள் அந்நியர் அல்லர், ஆசி கேட்டது கர்த்தரிடம்தான். கூட ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதல் கட்டளை எதிர்த்துப் பேசியது இவர்களோடு. கர்த்தரை விட்டுவிட்டு ஓடியவர்கள் கொஞ்சம் பேர். கர்த்தரையும் வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு இன்னொன்றையும் வைத்துக்கொண்டவர்களே ஏராளம்.

இத்தனை கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசரத்தோன், தனக்குப் பின் தன் மகன் அசூர்பானிபாலுக்கே விசுவாசமாக இருக்க வேண்டும் என்று சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினான். அந்த உடன்படிக்கைப் பலகைகள் 1955இல் நிம்ருத்திலும், இன்னொரு பிரதி 2009இல் துருக்கியின் தாயினாத் மேட்டிலும் கிடைத்தன. இளவரசனை உன் உயிரைப் போல நேசி, வேறொரு ராஜாவைத் தேடாதே, உன் சகோதரனோ மகனோ மகளோ துரோகம் பேசினாலும் மறைக்காதே என்று அது அடுக்குகிறது. உபாகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. யூதாவின் மனாசே எசரத்தோனுக்குக் கட்டுப்பட்ட ராஜாக்களில் ஒருவன். அசீரிய ஆவணமே அவன் பெயரைச் சொல்கிறது. பேரரசன் கேட்ட முழு விசுவாசத்தை எடுத்து, அது கர்த்தருக்கு மட்டுமே உரியது என்று எருசலேமின் எழுத்தர்கள் திருப்பி எழுதினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உபாகமத்தின் கண்டிப்புக்குள் ஒரு விடுதலைக் குரலும் உண்டு. எங்களுக்கு ஒரே ராஜாதான், அவர் நினிவேயில் இல்லை என்ற குரல்.

கானானியரை அழிக்கச் சொல்லும் பகுதிகளும் அதே உபாகமத்தில்தான் இருக்கின்றன. ஆச்சிக்கு அவற்றை வாசித்த மாலைகளில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். எனக்கும் அவற்றுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். நாடு விழுந்து, கி.மு. 586இல் பாபிலோனியர் ஆலயத்தை எரித்த பிறகு, அந்த மக்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, பழியைக் கானானியர் மேல் போடவில்லை. எங்கள் ராஜாக்கள், எங்கள் பிதாக்கள், நாங்கள் என்று எழுதினார்கள். தோற்ற நாட்டார் தங்கள் தோல்வியை இப்படி எழுதிவைத்திருப்பது அபூர்வம்.

எதிர்க்கட்சியின் பேச்சையும் அவர்கள் அழிக்கவில்லை. எரேமியாவின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு குடும்பக் காட்சி வருகிறது. பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைந்து வானராக்கினிக்குப் பணியாரம் சுடுகிறார்கள். வீடு அழிந்து எகிப்துக்கு ஓடியபின், நாற்பத்துநான்காம் அதிகாரத்தில் அந்தப் பெண்கள் எரேமியாவின் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். வானராக்கினிக்குத் தூபம் காட்டியவரை சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் இருந்தோம். நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டயத்துக்கும் பஞ்சத்துக்கும் இரையானோம். எங்கள் புருஷருக்குத் தெரியாமலா செய்தோம் என்கிறார்கள். ஆச்சி அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். "சரியாத்தான கேக்காளுவ" என்று முனகினாள். எரேமியாவின் பக்கம்தான் அவள். ஆனாலும் அந்தப் பெண்களின் கேள்வி கேள்வியாகவே அங்கே இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

வெளியாளிடம் இந்தக் கட்டளை எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நாகமானின் கதை இருக்கிறது. சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. எலிசாவின் சொல்கேட்டு யோர்தானில் முழுகிச் சுகமாகிறான். இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று சொல்லி, இரண்டு கோவேறு கழுதைச் சுமை இஸ்ரவேல் மண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். போகும் முன் ஒரு தயக்கம். என் எஜமான் ரிம்மோனின் கோயிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வான்; அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும்; கர்த்தர் அதை மன்னிக்க வேண்டும் என்கிறான். கர்மேலில் வாள் ஓங்கிய எலியாவின் சீடர் எலிசா. அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சமாதானத்தோடே போ என்று அனுப்பிவைக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மீகா தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி போகிறார். மற்ற ஜனங்கள் தங்கள் தங்கள் தெய்வத்தின் பெயரில் நடப்பார்கள், நாங்கள் எங்கள் கர்த்தரின் பெயரில் நடப்போம் என்பது அவர் நிலை.

எங்கள் ஊரில் அந்த நிலையை எனக்கு முதலில் காட்டியவர் கோயில் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மாள். ஆச்சியும் அவரும் இளவயதிலிருந்தே கூட்டாளிகள். கொடை நாளில் பொங்கல் வைத்ததும் ஒரு தூக்குச்சட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் சபையில் கண்டிப்பு. அவருக்கும் அது தெரியும். சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "படைக்கதுக்கு முன்னயே எடுத்து வச்சது யக்கா. புள்ளைக்குப் பயப்படாமக் குடுங்க" என்பார். ஆச்சி வாங்கி, மேலே கிடக்கும் தேங்காய்ச் சில்லை முதலில் எனக்குக் கொடுப்பாள். அம்மனுக்குப் போகும் முன் எங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்த அந்த அம்மாளுக்கு முதல் கட்டளை மனப்பாடம் இல்லை. ஆனால் எங்கள் கட்டளையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஆச்சி அனுப்பும்போது அவர் விரத நாளா என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

எபிரெய வேதம் கேட்கும் முழுப் பக்தி பலிபீடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் பார்க்கலாம். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடு, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் உன்னிடம் வைத்திராதே, செவிடனை நிந்தியாதே, குருடனின் முன்னால் தடுக்கலை வைக்காதே, படியும் எடைக்கல்லும் சரியாக இருக்கட்டும் என்று போகிறது. கட்டளைக் கொத்துகள் பலவற்றின் முடிவிலும் கர்த்தர் தம் பெயரைக் கையெழுத்துப் போட்டதுபோல் நிறுத்துகிறார். விக்கிரகத்தைப் பற்றிய கட்டளைக்கு என்ன கையெழுத்தோ, கூலிக்கும் அதே கையெழுத்து. ஓய்வுநாள் எப்போது முடியும், தராசைக் கள்ளமாக்கித் தானியம் விற்கலாம் என்று காத்திருப்பவர்களை ஆமோஸ் பிடித்து உலுக்குகிறார். அவர்கள் பாகாலின் கோயிலுக்குப் போனவர்கள் அல்லர். கர்த்தரின் பண்டிகையை ஒழுங்காகக் கொண்டாடியவர்கள்.

ஆச்சியிடம் கொஞ்சம் பனையும் கொஞ்சம் விளையும் இருந்தன. பனையேறியவருக்கும் களை பறித்தவர்களுக்கும் பொழுது அடையும் முன் கூலி கொடுத்தாக வேண்டும் அவளுக்கு. கையில் காசு இல்லாத நாளில் கடைக்காரரிடம் வாங்கியாவது கொடுப்பாள். நாளைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்களே சொன்னாலும் விடமாட்டாள். "ராத்திரி அது எங்கிட்ட கெடந்தா சாமிக்கு முன்னால எப்படி மொழங்கா போடுவேன்?" என்பாள். முதல் கட்டளைக்கு நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிடத் தெளிவானது இல்லை.

கர்த்தரோடு வேறொன்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று எரேமியாவும் ஓசியாவும் தங்கள் சொந்த மக்களிடம்தான் கேட்டார்கள். ஓசியா அதைத் தன் சொந்தக் குடும்ப வாழ்க்கையை வைத்தே கேட்டார். பத்துக் கட்டளைகள் தொடங்கும் இடமும் அதைத்தான் சொல்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உங்களைக் கொண்டுவந்தவர் என்று கர்த்தர் முதலில் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். பிறகே வேறு தெய்வம் கூடாது என்கிறார். விடுதலை பெற்றவர்களோடு பேசும் பேச்சு அது. சீகேமில் யோசுவா ஜனங்களிடம் யாரைச் சேவிப்பீர்கள் என்று கேட்டபோதும், கர்த்தரையே சேவிப்போம் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னதும், உங்களால் முடியாது என்றுதான் அவர் முதலில் பதில் சொன்னார். அத்தனை சந்தேகமும் சொந்த ஜனத்தின் மேல்.

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கையை அடுத்த தெருப் பக்கம் நீட்டாதீர்கள். யாத்திராகமத்தோடு இராஜாக்களையும் எரேமியாவையும் சேர்த்து வாசிக்க வையுங்கள். அதில் கூண்டில் நிற்பது யார் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பிறகு, இன்றைக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்தாயிற்றா என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.